மாமனார் உடம்பில் மாப்பிள்ளை ரத்தம்

வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்று. அதன் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன ரத்தத் துளிகள். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில், மேஜையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு அந்த ஓட்டையே பார்த்தபடி நின்றிருந்தோம். கார்த்திகை மழை ஜன்னல் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அறை முழுக்க ஸ்பிரிட் வாசனை. அதற்கும் மேலே, முசிறியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய என் மனைவி வீட்டாரின் ஈர வேட்டி வாசனை.

விஷயம் இதுதான். என் மாமனாருக்கு வயிற்றில் புண். அது உள்ளுக்குள்ளேயே கசிந்து கசிந்து, மனிதர் வெளுத்துப்போய் வார்டில் படுத்திருந்தார். அறுத்துத் தைத்தால் பிழைப்பார். ஆனால் ரத்தம் ஏற்றாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

லேபரட்டரிக்காரர், மாமனாரின் ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் தெளிவை ஓட்டில் சொட்டுச் சொட்டாக வைத்தார். ஒவ்வொரு சொட்டிலும் ஒவ்வொருவருடைய ரத்தத்தைக் கலந்து, ஓட்டை இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்த்தார். திரிந்தால் சேராது. திரியாவிட்டால் சேரும். அவ்வளவுதான் பரீட்சை.

மூத்த மகன் செல்வராசுவின் துளி திரிந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்த பால் மாதிரி பொரிப்பொரியாக ஒதுங்கியது. இளையவன் தங்கராசுவுடையதும் அப்படியே. மகள் சரோஜா, அதாவது என் மனைவி, அவளுடையதும் அப்படியே.

செல்வராசுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த புள்ளைங்க ரத்தம் அப்பனுக்குச் சேராதா? நல்லாப் பாருங்க சார். ஓடு மாறிப்போயிருக்கும்" என்றான்.

ஓடு மாறவில்லை, அப்பா 'பி' குரூப், பிள்ளைகள் மூவரும் அம்மாவைக் கொண்டு 'ஏ' குரூப், அவ்வளவுதான் என்றார் லேபரட்டரிக்காரர். அம்மாவைக் கொண்டு என்றதும் என் மாமியார் ஏதோ திருடி அகப்பட்டுக்கொண்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில், வந்ததுதான் வந்துவிட்டானே என்று என் விரலையும் குத்தினார்கள். என் துளி மாமனாரின் தெளிவில் விழுந்தது. கலந்தது. குங்குமக் கரைசல்போல வழவழவென்று அப்படியே நின்றது.

லேபரட்டரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இவர் யாரு?"

"மாப்பிள்ளை" என்றான் செல்வராசு, சாவுச் செய்தி சொல்லும் குரலில்.

ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த அன்றுகூட அந்தக் குடும்பம் என்னை அவ்வளவு கவலையோடு பார்த்ததில்லை. பார்த்திருக்கவேண்டும் என்பது வேறு விஷயம்.

கூஜாவோடு வரும் விருந்தாளி

காரணம் சொல்ல வேண்டுமானால் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முசிறியில் ஆற்றோரமாக அவருக்கு வாழைக் கொல்லை. தார்களை லாரியில் ஏற்றிவிட்டு, விலை பேச அவர் பின்னாலேயே பஸ்ஸில் திருச்சி மண்டிக்கு வருவார். முசிறி பஸ் கொள்ளிடத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். காவிரியைத் தாண்டினால் திருச்சி. ஆக, என்னைப் பார்க்காமல் அவர் வாழைக்காய் விற்க முடியாதபடி பூகோளம் சதி செய்திருந்தது. வாரம் ஒருமுறை ஸ்ரீரங்கத்தில் இறங்கி, அம்மா மண்டபம் சாலையில் நாங்கள் குடியிருந்த பின்கட்டுக்கு வருவார்.

தனியாக வரமாட்டார். தண்ணீரும் கூட வரும். திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜாவில், முசிறித் தண்ணீர்.

அவர்கள் குடும்பத்து வழக்கம் அது. தாரை வார்த்துப் பெண்ணைக் கொடுத்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. கொடுக்கலாம், வாங்கக் கூடாது. வாழைத்தார் வரும், நெய் வரும், தலையணை உறைகூட ஒருமுறை வந்தது. எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போனது நாற்காலியில் உட்கார்ந்த சூடு ஒன்றுதான். பேரப்பிள்ளை பிறந்தால் இந்தத் தடை நீங்கும். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் அந்த விசேஷம் இல்லை. அதனால் கூஜா தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

ஒரு கத்திரி வெயில் நாள். கூஜா வழியிலேயே காலி. மனிதருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. சரோஜா ஒரு டம்ளர் நீர்மோர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. எழுந்து தெருக் குழாய்க்குப் போய், இரண்டு கையாலும் ஏந்தி வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முனிசிபாலிட்டிக்கு அவர் பெண் கொடுக்கவில்லை.

அந்த மோரைச் சரோஜா குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. சாயங்காலம்வரை அடுப்பு மேடையில் ஒரு தட்டு போட்டு மூடியே வைத்திருந்தாள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த வேடிக்கையை விழுங்கிவிட்டேன். எனக்கு அது அரிதான காரியம்.

அப்படிப்பட்டவருக்குத்தான் என் ரத்தம் சேர்ந்து தொலைத்தது.

கைடு படித்து வந்த ஞானம்

அப்போது நான் தெப்பக்குளத்துப் பக்கம் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன் என்று சென்ற வாரம் எழுதினேன். பரீட்சைக் கைடுகள் அச்சிடும் இடம். உலகத்தில் உள்ள சகல விஷயமும் எனக்கு ஐந்து மார்க் அளவுக்குத் தெரியும். பத்து மார்க்குக்குக் கேட்டால் திணறிப்போவேன்.

அந்த மழைக்காலத்தில் என் மேஜையில் இருந்தது உடல்நூல் கைடு. ரத்தம் பற்றிய பாடத்தை மூன்று முறை திருத்தியிருந்தேன். எனவே ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி விவரம் தெரிந்தவன் நான்தான் என்பது என் எண்ணம். டாக்டருக்கு அந்த எண்ணம் இல்லை.

வாசகர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மறுபடி இதைச் சொல்ல எனக்கு யார் இடம் கொடுக்கப் போகிறார்கள்?

வளர்ந்த மனிதன் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, உறையாமல் பார்த்துக்கொண்டு, அசையாமல் வைத்தால் இரண்டாகப் பிரியும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக நிற்பது பிளாஸ்மா. சாப்பிட்ட சாப்பாட்டின் சத்து, உப்பு, கழிவு எல்லாம் அதில்தான் கரைந்து பிரயாணம் செய்கின்றன. கீழே செக்கச்செவேலென்று படிவது சிவப்பணுக்கள். உளுந்து வடைக்கு நடுவில் விரலால் அமுக்கி, ஓட்டை விழுவதற்குள் கையை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? அந்த வடிவம். ஒரு சொட்டில் கோடிக்கணக்கில் இருக்கும்.

அவற்றுக்கு வேலை நம் டவுன் பஸ் வேலைதான். நுரையீரலில் நின்று பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு புறப்படும். மூளை, குடல், கால் கட்டைவிரல் என்று எல்லா ஸ்டாப்பிலும் இறக்கும். திரும்பி வரும் ரத்தத்தோடு கெட்ட வாயு வரும். இதயம் ஓட்டிக்கொண்டே இருக்கும். டிப்போவுக்குப் போய்ப் படுப்பதெல்லாம் கிடையாது. ரத்தம் குறைந்தால் மூச்சிரைப்பதும், தலை சுற்றுவதும், கண் இமைக்குள் வெளுத்துப்போவதும் இதனால்தான். ஏற்றிச் செல்ல வண்டி போதவில்லை.

சிவப்புக்கும் தெளிவுக்கும் நடுவே மெல்லிய பாலாடைபோல ஒரு படலம் இருக்கும். அதில் வெள்ளையணுக்கள் இருக்கின்றன. கிருமி எதுவும் உள்ளே வந்தால் சுற்றி வளைத்து விழுங்கிவிடும். கூடவே தட்டணுக்கள் என்ற பொடிப் பொடித் துணுக்குகள். நீங்கள் சவரம் செய்யும்போது மோவாயை வெட்டிக்கொண்டால், ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து ஓட்டையை அடைப்பவை இவைதான். நான் சவரம் செய்யும் லட்சணத்துக்கு என் உடம்பில் இவற்றுக்கு ஓய்வே இருந்ததில்லை.

குரூப் என்பது வேறு சங்கதி. சிவப்பணுவின் மேல் 'ஏ' என்றோ 'பி' என்றோ ஓர் அடையாளம் இருக்கும். சிலருக்கு இரண்டும் இருக்கும். சிலருக்கு இரண்டுமே இராது. தன்னிடம் இல்லாத அடையாளத்தோடு எவன் வந்தாலும், தெளிவில் இருக்கும் காவல்காரர்கள் அவனைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஓட்டின் மேல் திரிந்ததே, அது அந்தக் கட்டுதான். ஓட்டில் நடந்தால் வேடிக்கை. உடம்புக்குள் நடந்தால் ஆள் காலி.

இந்தக் காவல்காரர்களுக்கு மகன் தெரியாது, மகள் தெரியாது. அடையாளம் ஒன்றுதான் தெரியும். "நம்ம ரத்தம்", "ரத்த பாசம்" என்று நாம் எழுதிக் குவித்த வசனங்களையெல்லாம் ஒரு பீங்கான் ஓடு அன்று காலையில் துடைத்துப் போட்டுவிட்டது.

ஆட்டு ரத்தமும் வெற்றிலைச் சாறும்

மனிதனுக்கு ரத்தத்தைக் கண்டால் பயமும் ஆசையும் எப்போதும் உண்டு. நம் வைத்தியர்கள் உடம்பை ஏழு தாதுக்களாகப் பிரித்தபோது அதற்குச் செந்நீர் என்று பெயர் வைத்து, இரண்டாவது இடம் கொடுத்தார்கள். சாப்பிட்டது சாரமாகி, சாரம் செந்நீராகி, செந்நீர் ஊனாகிறது என்பது அவர்கள் கணக்கு. மைக்ராஸ்கோப் இல்லாமல் அவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

சீமையில் முன்னொரு காலத்தில் ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை மனிதனுக்கு ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஆடு சாது, அதன் ரத்தம் ஏறினால் முரடனும் சாதுவாகிவிடுவான் என்று எண்ணம். சிலர் நிரந்தரமாகச் சாதுவாகிவிட்டார்கள். அதோடு அந்த வைத்தியத்துக்குத் தடை வந்தது. வேறு சிலர் எந்த வியாதிக்கும் அட்டையைக் கடிக்கவிட்டு ரத்தத்தை வெளியேற்றினார்கள். உள்ளே இருக்க வேண்டியதை வெளியே எடுப்பதா, வெளியே இருப்பதை உள்ளே விடுவதா என்பதில் மனித குலத்துக்கு வெகுகாலம் ஒரு தெளிவு இல்லை.

எங்களுக்கும் இல்லை. மாமனார் வெற்றிலை போடுகிறவர். விழித்திருக்கும் நேரமெல்லாம் வாயில் செக்கச்செவேலென்று சாறு. கொல்லையில் வேலை செய்தபடி அவர் வாழைக் கட்டை ஓரமாகச் சிவப்பாக எதைத் துப்பினாலும் யாருக்கும் சந்தேகம் வராது. வயிற்றிலிருந்து வந்ததை வெற்றிலை என்று வீடே நினைத்துக்கொண்டிருந்தது. அவரும் அப்படித்தான் நினைத்தார். வெற்றிலை அளவுக்கு மீறிச் சிவக்கிறது என்று வெற்றிலைக்காரனோடு சண்டைகூடப் போட்டிருக்கிறார். ஒருநாள் மண்டியில், வெற்றிலையே போடாத நேரத்தில், சிவப்பாக வாந்தி எடுத்துக் கீழே விழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

எந்தக் கை?

ஓட்டின் தீர்ப்பை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனோம். இரும்புக் கட்டிலில் மாமனார் வெள்ளைப் போர்வைக்கும் தனக்கும் வித்தியாசம் இல்லாமல் கிடந்தார். உதடு மட்டும் பழக்க தோஷத்தால் லேசாகச் சிவந்திருந்தது.

செல்வராசு சுற்றி வளைத்துச் சொன்னான். மாமனார் கடைசிவரை கேட்டுவிட்டு, வேண்டாம், வண்டி பிடித்து முசிறிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்.

சர்ஜன் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். யார் என்ன ஜாதி என்ற தகராறு என்று நினைத்துக்கொண்டு, ரத்தத்துக்கு ஜாதி கிடையாது என்று ஒரு பிரசங்கம் ஆரம்பித்தார். மாமனார் கையமர்த்தினார். "அது தெரியுங்க. வெளியில யாருதாச்சும் வாங்கி ஏத்துங்க. எவனா இருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கிறேன்" என்றார்.

ஜாதியை அவர் கேட்கவே இல்லை. வீட்டைத்தான் கேட்டார்.

வெளியில் கிடைக்காது என்றார் சர்ஜன். ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் விற்பவர்கள் சிலர் உண்டு. போன வாரம் விற்றவனே இந்த வாரமும் வருவான். அவன் ரத்தத்தில் தண்ணீர்தான் மிச்சம். இருப்பில் இந்த குரூப் பாட்டில் இல்லை. காத்திருக்கவும் நேரம் இல்லை. கசிவு நிற்கவில்லை.

நான் என் பங்குக்கு முன்னால் வந்து, "மாமா, நான் மனசாரத்தான் தரேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கல்யாணத்தில் மொய் எழுதுகிறவன் குரல் மாதிரி இருந்தது.

அவர் மெல்ல வலது கையைத் தூக்கினார். "மாப்ளே, உங்க மேல ஒண்ணும் இல்லை. இந்தக் கையாலதான் தாரை வார்த்தேன். ஊரே பாத்துச்சு. இதாலயே திருப்பி வாங்கிக்கச் சொல்றீங்களா?"

மாமியார் அழ ஆரம்பித்தார். பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதுவரை ஜன்னல் ஓரமாக நின்றிருந்த சரோஜா வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அந்த வேலையை வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

"ஏம்ப்பா, பேரப்புள்ளை பொறந்தா எங்க வீட்டுல கை நனைக்கலாம்னு வெச்சிருக்கீங்களே, அது எதுக்கு?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வீட்டு ரத்தமும் அந்தப் புள்ளைகிட்ட ஒண்ணாக் கலந்துடுது. அதுக்கப்புறம் கொடுத்தவங்க, வாங்கினவங்கன்னு கிடையாது. அதானே?"

"அதாம்மா" என்றார் மெதுவாக.

"எனக்குப் பொறக்கலை. பொறக்குமா, பொறக்காதான்னும் தெரியலை." சரோஜா போர்வையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள். "அதுக்காக நீங்க காத்துக்கிட்டு இருக்க வேணாம். கலக்கிறது உங்க உடம்புலயே கலக்கட்டுமே."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். மூன்று வருஷத்தில் அவள் அந்த விஷயத்தை என்னிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அத்தனை பேர் முன்னால் அதை எடுத்து, அப்பா பிழைக்க ஒரு வழியாக வைத்துவிட்டாள்.

மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு தலையைத் திருப்பி, நர்ஸைத் தேடி, "எந்தக் கையில குத்துவாங்க?" என்று கேட்டார்.

எதுவானாலும் சரி என்றாள் நர்ஸ்.

"அப்ப இதுல குத்துங்க" என்று இடது கையை நீட்டினார்.

பாட்டில் நிரம்பியது

அந்த நாளில் நான் மழைவிட்டதும் மடக்கி வைத்த குடை மாதிரி இருப்பேன். சர்ஜன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவரிடமிருந்து எடுக்கச் சொன்னார்களா, இவருக்கு ஏற்றச் சொன்னார்களா என்று லேபரட்டரிக்காரரிடம் இன்னொரு தடவை விசாரித்துக்கொண்டார்.

படுக்க வைத்து, கையில் வார் கட்டி, ஊசியைச் செருகினார்கள். ரப்பர் குழாய் வழியாகக் கண்ணாடி பாட்டிலுக்குள் ரத்தம் இறங்கியது. நான் நினைத்ததைவிடக் கறுப்பு. சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்து, என்னிடம் ஏதோ மட்டமான சரக்கு இருக்கிறதோ என்று பயந்துபோனேன். திரும்பி வருகிற ரத்தக்குழாயிலிருந்து எடுப்பதால் அப்படித்தான் இருக்கும், பிராணவாயுவை இறக்கிவிட்டு வருகிற ரத்தம் என்றார் லேபரட்டரிக்காரர்.

பாட்டிலின் அடியில் கொஞ்சம் தண்ணீர்போல இருந்தது. அது உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கலவை என்று எனக்குத் தெரியும். ரத்தம் உறைவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், சிட்ரேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே தட்டணுக்கள் எவ்வளவு முயன்றாலும் என்று நான் மூன்றாம் புரூஃபிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

"சார், பேசாம கையை மூடி மூடித் திறங்க" என்றார் அவர்.

நான் மயக்கம் போடவில்லை. போட்டால் எப்படிக் கௌரவமாகப் போடுவது என்று யோசித்து வைத்திருந்தேன்; அதற்குள் பாட்டில் நிரம்பிவிட்டது. ஒரு வாழைப்பழமும் இனிப்பான காபியும் கொடுத்தார்கள். பழம் என் மாமனார் கொல்லையிலிருந்து வந்தது. எடுத்ததை எடுத்த கையோடு ஈடுகட்டிவிடுகிற குடும்பம் அது.

பாட்டிலைத் தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குவதை மாமனார் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கால்வாசி இறங்கியதும் அவருடைய நகக்கண்ணில் ரோஜா நிறம் எட்டிப்பார்த்தது. முதலில் கவனித்தவள் சரோஜாதான். மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்தார்.

கூஜா இல்லாத காலம்

தை பிறந்து, அறுவடை முடிந்த சமயம் மறுபடி மண்டிக்கு வர ஆரம்பித்தார். இளைத்திருந்தார். வெற்றிலையைக் கைவிட்டதால் வாய்தான் வேறு யாருடையதோ போல இருந்தது. எங்கள் வீட்டுப் படியேறியபோது இரண்டு கையும் வெறுங்கை.

நாற்காலியில் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். "தண்ணி குடும்மா" என்றார்.

சரோஜா கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து குடித்தார். பிறகு சாப்பிட்டார். பிறகு வாரா வாரம் சாப்பிட்டார். அந்த நாட்களில் சரோஜா விடியற்காலையிலேயே எழுந்து, அவர் வயிற்றுக்கு ஆகும்படி காரமில்லாமல் என்னென்னவோ செய்வாள். வாரத்தில் ஒருநாள் நான் அந்த வீட்டில் விருந்தாளியாகிவிட்டேன்.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாசகர்கள் அந்தத் திருப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அதற்குப் பிறகும் எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் ஞானம் எனக்கு விரோதியாக வந்தது. அச்சகத்தில் நாலாம் புரூஃப் பார்க்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. மூன்று முறை எழுத்துக்கூட்டிப் படித்தும் அர்த்தம் உறைக்காத வரி. சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. சுமார் நான்கு மாத காலம் வாழ்ந்து, மண்ணீரலில் அழிந்துபோகிறது.

விரல்விட்டு எண்ணினேன். கார்த்திகையில் ஏறியது. பங்குனிக்குள் என் சிவப்பணு ஒன்றுகூட அவர் உடம்பில் இருக்காது.

சரோஜாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். இலை நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். நான் சொல்லவில்லை. ஆனால் நியாயம் பேசுவதில் அவள் அப்பா என்னைவிடக் கெட்டி. கலந்தது கரைந்துபோய்விட்டது என்று தெரிந்தால் பழைய சட்டம் மறுபடி அமலுக்கு வந்துவிடும். மாசி முழுக்க அவர் சாப்பிட்ட ஒவ்வொரு சாப்பாட்டையும் சரோஜா கடைசிச் சாப்பாடு மாதிரிப் பரிமாறினாள்.

பங்குனியில் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனார். போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் பெரிய பேரம் பேசிவிட்டு வந்த களை இருந்தது.

"மாப்ளே, உங்க ரத்தம் இப்ப என் உடம்புல இல்லியாம். தெரியுமா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

மாப்பிள்ளை ரத்தம் இப்போது உடம்பில் எங்கே ஓடுகிறது என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். டாக்டர் உள்ளதைச் சொல்லிவிட்டார். நாலு மாதம்தான் அதற்கு ஆயுசு, மண்ணீரல் என்று ஒன்று இருக்கிறது, அங்கே உடைந்துபோகும் என்று. வேறு யாராவது இருந்தால் அதோடு எழுந்து வந்திருப்பார்கள். இவர் வாழைத்தாருக்கு விலை படிகிறவரை மண்டியைவிட்டு அசையாத மனிதர். உடைந்தால் அந்தத் தூள் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் பித்தநீரில் போகும் என்றிருக்கிறார் டாக்டர். மிச்சம் எங்கே என்று கேட்டிருக்கிறார். வெளியே காத்திருந்த நோயாளிகள் இருமிக் காட்டியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் டாக்டர் இறங்கிவந்துவிட்டார்.

"அதுல இரும்பு இருக்குதாமே" என்றார் மாமனார். "அதை மட்டும் உடம்பு வெளிய விடாதாம். எடுத்து வெச்சுக்கிட்டு, அதைப் போட்டுத்தான் புது ரத்தம் செய்யுமாம். அது செத்தா மறுபடி எடுத்துக்குமாம். இப்ப ஓடுறது என் ரத்தந்தான். ஆனா உள்ள கிடக்கிற இரும்புல உங்க வீட்டுதும் இருக்கு. ஆயுசுக்கும் போகாதுன்னுட்டாரு."

எனக்கு அது தெரியாது. கைடில் அந்தப் பகுதியைப் பரீட்சைக்கு வராது என்று எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவர் துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டு, சமையலறைப் பக்கம் தலையைச் சாய்த்து மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா, வத்தக்குழம்பா? எனக்கும் ரெண்டு கரண்டி ஊத்து."

சரோஜா சமையலறை வாசற்படிவரை வந்தாள். கண்ணைத் துடைத்திருந்தாள், குரல் மட்டும் கறாராக இருந்தது.

"அது உங்களுக்குக் கிடையாது. காரம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவர் கேட்டு, கிடைக்காமல் போன முதல் பொருள் அதுதான்.